வேலியும் பயிரும்

இங்கிலாந்தின் தென்பகுதியில், ஹாம்ப்ஷயர் மாவட்டத்திலே, வின்செஸ்டர் என்ற பழம்பெரும் நகரம் ஒன்று உண்டு. அந்நகரின் புறத்தே, ஆற்றங்கரைப் புல்வெளியில், கல்லால் கட்டிய அறச்சாலை ஒன்று நிற்கிறது. தூய சிலுவை அறச்சாலை என்பது அதன் பெயர். அதன் வாயிலுக்கு வந்து கேட்கும் வழிப்போக்கர்களுக்கு ஒரு துண்டு ரொட்டியும், கொம்பாலான சிறு குவளையில் பார்லி மதுவும் கொடுக்கும் வழக்கம் அங்கே பல நூற்றாண்டுகளாக நடந்துவருகிறது. நம் நாட்டு அன்னசத்திரங்களை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

அந்த வாயிலிலிருந்தே என் பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். முதுமையாலும் நோயாலும் மனத்தளர்ச்சியாலும் தனித்து வாழ இயலாதவர்களுக்கு ஒரு சமூகம் இருப்பிடம் தருகிறது. அதற்கான பணத்தை யார் தருவது? அந்தப் பணம் உரியவரைச் சேர்கிறதா என்று யார் பார்ப்பது? இவ்விரண்டு கேள்விகளோடும் இங்கிலாந்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகப் போராடி வந்திருக்கிறது. அந்தப் போராட்டத்தின் கதையை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

தூய சிலுவை அறச்சாலை 1130-களில் தோன்றியது. அதனை நிறுவியவர் ஹென்றி என்ற பிஷப். அரசர் ஸ்டீவனின் உடன்பிறந்தவர். உழைத்துப் பிழைக்க வலிமையற்ற ஏழை ஆடவர் பதின்மூவர் அங்கே தங்கி வாழவேண்டும்; நாள்தோறும் ஏழைகள் நூறு பேருக்கு உணவு அளிக்கவேண்டும்; இவை அவருடைய விருப்பம். இச்செலவுக்காக நிலங்களும் வருமானங்களும் எழுதிவைக்கப்பட்டன. எல்லாவற்றையும் நிர்வகிக்க ஒரு தலைவர் நியமிக்கப்பட்டார். பணம் இருந்தது, பொறுப்பாளர் இருந்தார். குறை என்ன என்று கேட்கலாம். பொறுப்பாளரைக் கேள்வி கேட்க ஆள் இல்லை என்பதே குறை.

வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது எப்படி என்பது நம் நாட்டுப் பழமொழி. அது வின்செஸ்டரிலும் பலித்தது. பதினான்காம் நூற்றாண்டிலே தலைவர்களாக வந்தவர்கள் வருமானத்தைத் தம் பையில் போட்டுக்கொண்டார்கள், கட்டடங்கள் பாழடைந்தன. விக்கம் வில்லியம் என்னும் பிஷப் அவர்கள்மேல் பல ஆண்டுகள் வழக்காடி அறச்சாலையை மீட்டார். ஆனால், ஒரு நல்லவர் மீட்டுத் தந்ததை அடுத்து வருபவர்கள் காப்பார்கள் என்பதற்கு உறுதி ஏது?

1808-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் நார்த் என்பவர் தலைவரானார். அவரை நியமித்த பிஷப் அவருடைய தந்தையே. பின்னர் கில்போர்டு பிரபு என்ற பட்டமும் அவரை வந்தடைந்தது. அறச்சாலையின் நிலங்களைக் குத்தகைக்கு விடும்போது கிடைத்த பெருந்தொகைகளை அவர் தமக்கே உரியனவாகக் கொண்டார். ஏழைகளுக்குரிய படியைக் கொடுத்தபின் எஞ்சுவதெல்லாம் தலைவருக்குச் சேரும் என்று பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிவைத்த வழக்கேடு ஒன்று அவருக்குத் துணை நின்றது. அந்த ஏட்டை எழுதிக்கொண்டவர்கள் யார்? அறச்சாலையின் தலைவரும் அவரைச் சார்ந்தவர்களுந்தாம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நிலை நீடித்தது. இறுதியில் வழக்கு நீதிமன்றம் சென்றது. 1853-ஆம் ஆண்டில் நீதிபதி ரோமில்லி, அறச்சாலையின் சொத்து அறத்துக்கே உரியது, தலைவரின் தனிச்சொத்து ஆகாது எனத் தீர்ப்பளித்தார்.

அதே 1853-ஆம் ஆண்டிலே பார்லிமெண்டு அறக்கட்டளைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அறக்கட்டளைகளைக் கண்காணிக்க நிலையான ஓர் ஆணையம் அதனால் பிறந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, ஆண்டனி டிராலப் என்ற நாவலாசிரியர் 'தி வார்டன்' என்னும் கதையை எழுதினார். ஏழை முதியவர்களுக்காக வைத்த செல்வத்தால் வளமாக வாழும் நல்ல மனிதர் ஒருவரின் மனச்சாட்சி படும் பாடே அக்கதையின் கரு. கதையில் வரும் தலைவர் தீயவர் அல்லர். அவர் தம் வருமானத்தின் நியாயத்தைப் பற்றி நெடுநாள் எண்ணிப் பாராதவர், அவ்வளவே. கேட்பாரில்லாத இடத்தில் நல்லவர்களும் எண்ணிப் பாராமலே தவறிவிடுகிறார்கள் என்பதை மாணவர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

இது தனியார் வைத்த அறத்தின் கதை. அரசாங்கம் ஏற்ற அறத்தின் கதை 1601-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்தில் தலையெடுக்கிறது. ஒவ்வொரு கோயில் வட்டமும் தன் ஏழைகளைத் தானே காப்பாற்றவேண்டும். அதற்காக அவ்வட்டத்துச் சொத்துடையோர் வரி செலுத்தவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. இரண்டு நூற்றாண்டுகள் சென்றபின் வரிச்சுமை மிகுந்துவிட்டது என்ற கூக்குரல் எழுந்தது. 1834-இல் புதிய சட்டம் வந்தது. வட்டங்கள் பல ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. உதவி வேண்டுவோர் 'ஒர்க்ஹவுஸ்' என்ற வேலை விடுதிக்குள் புகுந்தாக வேண்டும் என்ற கொள்கை வகுக்கப்பட்டது. விடுதியின் உள்ளே வாழ்வு, வெளியே உழைத்து வாழும் மிக ஏழையான கூலியாளின் வாழ்வைவிடக் கீழாக இருக்கவேண்டும். அப்பொழுதுதான் சோம்பேறிகள் வரமாட்டார்கள் என்பது சட்டம் செய்தோரின் எண்ணம். ஆயின், உள்ளே புகுந்தவர்களில் முதியோரும் நோயாளரும் குழந்தைகளும் திரளாக இருந்தனர். அவர்களுடைய முதுமையையும் நோயையும் இளமையையும் எந்தக் கடுமையால் திருத்த முடியும்?

வின்செஸ்டருக்கு அருகில், அதே ஹாம்ப்ஷயரில், ஆண்டோவர் என்ற ஊரில் ஒரு வேலை விடுதி இருந்தது. சிக்கனத்துக்கும் கடுமைக்கும் பெயர்பெற்றது அது. அங்கே இருந்தவர்களுக்கு எலும்புகளை இடித்து உரமாக்கும் வேலை கொடுக்கப்பட்டது. அவர்கள் பசி தாங்காமல், இடிக்க வந்த எலும்புகளில் ஒட்டியிருந்த தசையையும் உள்ளிருந்த மச்சையையும் தின்றார்கள் என்ற செய்தி 1845-இல் வெளியாயிற்று. நாடே திடுக்கிட்டது. விதித்த அளவே குறைவு. அதிலும் ஒரு பகுதியை விடுதித் தலைவர் திருடிக்கொண்டார் என்பது விசாரணையில் தெரிந்தது. 1847-இல் பழைய ஏழையர் ஆணையம் கலைக்கப்பட்டு, பார்லிமெண்டுக்குப் பொறுப்பான புதிய வாரியம் அமைந்தது.

இங்கே நாம் ஒரு வேறுபாட்டைக் காணவேண்டும். தூய சிலுவை அறச்சாலையில் கண்காணிப்பு இல்லை. ஆண்டோவரில் இருந்தது, காப்பாளர் குழு இருந்தது, கணக்குப் புத்தகம் இருந்தது, மேலிருந்து பார்வையிட அதிகாரியும் இருந்தார். ஆனால், அவர்களுடைய கண் செலவின்மேல் இருந்ததேயன்றி, மனிதர்மேல் இருக்கவில்லை. ஒரு பென்னி மிகுதியாகச் செலவானால் கேள்வி வரும். ஒரு கிழவர் எலும்பைக் கடித்தால் கேள்வி வராது. கண்காணிப்பு இருந்தால் மட்டும் போதாது, எதைக் கண்காணிப்பது என்பதும் தெளிவாக இருக்கவேண்டும் என்பது ஆண்டோவர் தந்த பாடம்.

இதற்கு மாறான முயற்சி ஒன்றும் அந்நூற்றாண்டிலேயே நடந்தது. ஆக்டேவியா ஹில் என்ற பெண்மணி 1865-ஆம் ஆண்டில், ஜான் ரஸ்கின் என்னும் அறிஞர் கொடுத்த பணத்தைக் கொண்டு, லண்டனில் மேரில்போன் பகுதியிலிருந்த பழுதான வீடுகளை ஏற்று நடத்தத் தொடங்கினார். முதலீட்டுக்கு நூற்றுக்கு ஐந்து பவுன் வருவாய் கிடைக்கவேண்டும் என்பது ஏற்பாடு. அவரும் அவரிடம் பயின்ற பெண்களும் வாரந்தோறும் வாடகை வாங்க நேரில் சென்றார்கள். சென்ற இடத்தில் கூரை ஒழுகுகிறதா, குழந்தைக்கு நோயா, வீட்டுக்காரருக்கு வேலை போயிற்றா என்று விசாரித்தார்கள். அவருடைய கண்டிப்பு இக்காலத்தவருக்குச் சற்று மிகையாகத் தோன்றலாம். எனினும் வீடும் வேண்டும், வீட்டிலுள்ளவரை விசாரிக்கும் மனிதரும் வேண்டும் என்ற கருத்து அங்கே வேரூன்றியது.

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் தேசிய உதவிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏழையர் சட்டம் முடிவுற்றது. முதுமையாலும் நலிவாலும் கவனிப்பு வேண்டுவோருக்கு இருப்பிடம் அமைப்பது உள்ளாட்சி மன்றங்களின் கடமையாயிற்று. சட்டம் மாறியதும் கட்டடமும் மாறிவிடுமா? பீட்டர் டவுன்சென்ட் என்ற சமூகவியலறிஞர் நாடெங்கும் முதியோர் இல்லங்களை நேரில் கண்டு 1962-இல் ஒரு நூல் வெளியிட்டார். பழைய வேலை விடுதிகளின் நீண்ட கூடங்களிலேயே முதியோர் இன்னும் படுத்திருப்பதை அந்நூல் எடுத்துக்காட்டியது. புதிய கடமையை நிறைவேற்றப் போதிய பணம் ஒதுக்கப்படவில்லை என்பதே இதன் பொருள்.

அதே காலத்தில் இன்னொரு மாற்றமும் தொடங்கியது. 1950-களின் நடுவில் இங்கிலாந்திலும் வேல்சிலும் மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 1,50,000 பேர் இருந்தனர். பதினைந்து ஆண்டுகளில் அவற்றின் படுக்கைகளில் பாதி குறையவேண்டும் என்று 1961-இல் நலத்துறை அமைச்சர் ஈனாக் பவல் அறிவித்தார். பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் மனிதர் முதுமையடைவதைவிட ஊரோடு வாழ்வது மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால், வெளியே வருபவர் எங்கே தங்குவார்? அவரோடு யார் பேசுவார்? இத்தேவையிலிருந்து வளர்ந்தவையே ஆதரவு இல்லங்கள். மனநோயிலிருந்து மீள்வோர், அறிவு வளர்ச்சி குன்றியவர், சிறையிலிருந்து வந்தவர், தெருவில் வாழ்ந்தவர் எனப் பலரும் இவற்றை நாடினர். கணவரின் கொடுமைக்குத் தப்பிய பெண்களுக்காக 1971-இல் லண்டனின் சிசிக் பகுதியில் ஒரு புகலிடம் தோன்றியது. அதைப் பின்பற்றி நாடெங்கும் புகலிடங்கள் எழுந்தன.

ஆதரவு இல்லம் என்பது மருத்துவமனை அன்று. வெறும் வாடகை வீடும் அன்று. அங்கே வாழ்பவருக்கு ஓர் அறை இருக்கும். மின்கட்டணம் செலுத்தவும், சமைக்கவும், மருந்தை வேளைக்கு உட்கொள்ளவும், வேலை தேடவும் துணைபுரியும் ஊழியர் ஒருவர் இருப்பார். ஆகவே செலவும் இருவகை: ஒன்று வாடகை, மற்றொன்று ஆதரவு. இவ்விரண்டையும் ஒருசேர எண்ணாமையே பின்னால் வந்த துன்பங்களுக்கெல்லாம் காரணம்.

1980-களின் அனுபவத்தைப் பாருங்கள். தனியார் இல்லங்களில் சேரும் ஏழைகளின் கட்டணத்தை மத்திய அரசாங்கமே நேராகச் செலுத்தலாம் என்று 1980-இல் விதி தளர்த்தப்பட்டது. 1979-இல் இவ்வகையில் ஏறத்தாழ 1 கோடி பவுனே செலவாயிற்று. பத்தாண்டுகளில் அது 100 கோடி பவுனைத் தாண்டிவிட்டது. இல்லங்களைப் பதிவு செய்யவும் பார்வையிடவும் 1984-இல் சட்டம் வந்தது உண்மையே. ஆனால், சேர்பவருக்கு இல்லம் தேவையா, சொந்த வீட்டிலேயே சிறிது உதவி கிடைத்தால் போதாதா என்று கேட்பார் இல்லை. வீட்டிலிருந்தால் உதவி அளவோடு வரும். இல்லத்தில் சேர்ந்தால் பணம் அளவின்றி வரும். பணம் பாய்ந்த வழியிலே மனிதர்களும் தள்ளப்பட்டார்கள். ராய் கிரிபித்ஸ் என்பார் 1988-இல் அளித்த அறிக்கையை ஒட்டி, 1990-இல் புதிய சட்டம் நிறைவேறியது. 1993 ஏப்ரல் முதல் பணத்தையும், தேவையை ஆராயும் பொறுப்பையும் உள்ளாட்சி மன்றங்களே ஏற்றன.

ஆதரவு இல்லங்களின் நிலை இதனினும் சிக்கலானது. அங்கே உடற்பணிவிடை நடைபெறாவிட்டால், பதிவுச் சட்டம் அவற்றைத் தொடாது. வாடகை உதவித் தொகையிலிருந்தே ஆதரவுச் செலவையும் சேர்த்து வாங்குவது வழக்கமாக இருந்தது. வாடகைப் பணத்தை ஆலோசனைக்கும் ஆதரவுக்கும் கொடுக்கலாகாது என 1997-இல் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதனால் அரசாங்கம் சிந்தித்து ஒரு நல்ல ஏற்பாடு செய்தது. 2003 ஏப்ரல் 1-ஆம் நாள், ஆதரவுக்கென்றே ஒரு தனி நிதி தொடங்கியது. முதல் ஆண்டில் ஏறத்தாழ 180 கோடி பவுன் அதற்கு ஒதுக்கப்பட்டது. உள்ளாட்சி மன்றங்கள் இல்லம் நடத்துவோருடன் ஒப்பந்தம் செய்தன, தரத்தை அளந்து பார்த்தன, தவறியவர்களை விலக்கின. இந்நிதியை வேறெதற்கும் செலவிடலாகாது என்ற வேலியும் இருந்தது. நீரும் வேலியும் ஒருசேர அமைந்த காலம் அது என்று நான் கருதுகிறேன்.

அக்காலம் நீடிக்கவில்லை. 2009-இல் அந்த வேலி எடுக்கப்பட்டது. மன்றங்கள் தம் விருப்பப்படி அந்நிதியைச் செலவிடலாம் என்றாயிற்று. அடுத்து அரசாங்கச் செலவுக்குறைப்பு வந்தது. 2010-க்குப் பிறகு நான்கைந்து ஆண்டுகளில் மன்றங்கள் ஆதரவுக்குச் செலவிட்ட தொகை நாற்பது விழுக்காட்டிற்கு மேல் குறைந்தது. பணம் குறைந்ததும் ஒப்பந்தங்கள் முடிந்தன. ஒப்பந்தங்கள் முடிந்ததும், ஒப்பந்தத்தின் வழியே நடந்த தரக் கண்காணிப்பும் முடிந்தது.

ஆதரவுப் பணம் வற்றியபோதும் வாடகைப் பணம் வற்றவில்லை. 1996-ஆம் ஆண்டின் விதி ஒன்று இதற்கு வழி வைத்திருந்தது. அறநிறுவனங்களும் வீட்டுவசதிச் சங்கங்களும் நடத்தும் ஆதரவு இல்லங்களுக்கு, வாடகை உதவியின் வழக்கமான உச்சவரம்பிலிருந்து விலக்கு அளித்தது அவ்விதி. பெண்கள் புகலிடம் போன்ற இல்லங்களில் இரவுக் காவல் வேண்டும், பொதுக்கூடம் வேண்டும். ஆகவே வாடகை மிகும் என்பது உண்மை. நோக்கம் நல்லதே. ஆனால், எவ்வளவு ஆதரவு தந்தால் விலக்கு உண்டு என்பதற்கு, பெயரளவைவிடச் சற்று மிகுதியாக இருந்தால் போதும் என்பதே அளவுகோலாயிற்று.

இலாபம் தேடுவோர் கண்ணில் இது பட்டது. பர்மிங்ஹாம் போன்ற நகரங்களில் குடும்பங்கள் வாழ்ந்த சாதாரண வீடுகளை வாங்கினார்கள். அறை அறையாகப் பிரித்தார்கள். இலாப நோக்கமற்றது என்று பெயர்கொண்ட சங்கத்துக்குக் குத்தகைக்கு விட்டார்கள். சங்கம் உயர்ந்த வாடகையை அரசாங்கத்திடம் பெற்றது. குத்தகைப் பணமாக அது உடைமையாளருக்குச் சென்றது. பர்மிங்ஹாம் நகரில் மட்டும் 20,000-க்கு மேற்பட்டோர் இவ்வகை இல்லங்களில் இருந்தனர். நன்கு நடந்த இல்லங்கள் பல உண்டு. ஆயினும், வேறு பல இடங்களில் வாரத்திற்கு ஒருமுறை கதவைத் தட்டி நலமா என்று கேட்பதே ஆதரவு என்றாயிற்று. கொடுமைக்குத் தப்பி வந்த பெண், கொடுமை செய்யக்கூடியவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ நேர்ந்தது. ஒருவர் உடல்நலம் தேறி வேலைக்குப் போக விரும்பினாலும், சம்பளத்தால் அவ்வளவு பெரிய வாடகையைக் கட்ட இயலாது. வேலையைத் துறந்து அங்கேயே முடங்கினார். மீட்பதற்காக அமைந்த இல்லம் சிறையாயிற்று.

பார்லிமெண்டின் குழு ஒன்று 2022-இல் இதை ஆராய்ந்து கடுமையான அறிக்கை வெளியிட்டது. இவ்வில்லங்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எவ்வளவு பணம் செலவாகிறது என்ற சரியான கணக்கே அரசாங்கத்திடம் இல்லை என்று அது குறை கூறியது. பாப் பிளாக்மன் என்ற உறுப்பினர் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். 2023 ஜூன் 29-ஆம் நாள் அது சட்டமாயிற்று. ஆதரவு இல்லங்களுக்குத் தேசியத் தரவிதிகள் வகுக்கவும், உரிமம் பெறும் முறையை ஏற்படுத்தவும் அரசாங்கத்துக்கு அதிகாரம் கிடைத்தது. ஒவ்வோர் உள்ளாட்சி மன்றமும் தன் பகுதியின் தேவையை ஆராய்ந்து திட்டம் வகுக்கவேண்டும் என்ற கடமையும் பிறந்தது.

சட்டம் வந்துவிட்டது, குறை தீர்ந்தது என்று சொல்லத் துணிகிறோமா? வரலாறு அறிந்தவர் அவ்வாறு சொல்லமாட்டார். நேர்மையாக இல்லம் நடத்தும் சிறு நிறுவனங்கள் அஞ்சுவதற்கும் காரணம் உண்டு. உரிமக் கட்டணமும் தரவிதிகளும் வரும். ஆதரவு ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் வராவிட்டால், முதலில் மூடப்படுவது அவர்களுடைய இல்லமே. இல்லம் மூடப்பட்டால் அங்கிருந்தவர் தெருவுக்குத்தான் போவார். நீரின்றிப் போட்ட வேலி, காய்ந்த வயலைச் சுற்றி நிற்கும். வேலியின்றிப் பாய்ச்சிய நீர், பிறர் மாட்டுக்குப் புல் வளர்க்கும். இருவகைத் தவற்றையும் இங்கிலாந்து மாறி மாறிச் செய்திருக்கிறது. 1948-க்குப் பின் கடமையை விதித்துப் பணத்தைச் சுருக்கியது. 1980-களில் பணத்தைத் திறந்துவிட்டுத் தேவையை அளக்க மறந்தது. 2009-க்குப் பின் ஆதரவுக்குரிய பணத்தை இழந்து, வாடகைப் பணத்தைக் காவலின்றி விட்டது.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் நாளை அதிகாரிகளாகவும் வழக்கறிஞர்களாகவும் அறநிறுவனங்களின் பொறுப்பாளர்களாகவும் ஆவீர்கள். எந்த இல்லத்தின் கணக்கு உங்கள் மேசைக்கு வந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இங்கே பணம் தருபவர் யார்? அதைப் பார்ப்பவர் யார்? பார்ப்பவர் இல்லத்தில் வாழ்பவரை நேரில் கண்டு பேசினாரா? கில்போர்டு பிரபுவின் காலத்தில் இரண்டாம் கேள்விக்கு விடை இல்லை. ஆண்டோவரில் மூன்றாம் கேள்விக்கு விடை இல்லை. அந்த விடுதிக்குள் சென்று அங்கிருந்த முதியவர் ஒருவரிடம், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று எவரேனும் கேட்டிருந்தால், அக்கொடுமை அவ்வளவு நாள் மறைந்திராது.

தூய சிலுவை அறச்சாலை இன்றும் நிற்கிறது. கருநிற அங்கியும் சிவப்பு அங்கியும் அணிந்த முதியவர்கள் அங்கே வாழ்கிறார்கள். பிஷப் ஹென்றி கொடுத்த நிலம் அதற்கு வாழ்வளித்தது. ஆயினும் அது அழியாமல் நின்றதற்கு, அக்கணக்கை ஒருநாள் பிரித்துக் காட்டச் சொன்ன மனிதர்களும் காரணம். கொடுத்தவரை நாடு போற்றுகிறது. கேட்டவரையும் போற்றுதல் வேண்டும்.